திரும்பி வரும் ஓட்டம்தான் சாதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ராக்கெட் கார்களைப் பற்றியும் தரைவழி வேகச் சாதனையைப் பற்றியும் வெளியான முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட ஒரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரையின் நடுவே கட்டம் கட்டி வெளியிட்டிருந்த பட்டியல் என்னைப் பெரிதும் வருத்தியது. ‘உலகின் அதிவேக ராக்கெட் கார்கள்’ என்ற தலைப்பில் 1979ஆம் ஆண்டின் பட்வைசர் ராக்கெட் மணிக்கு 1,190 கிலோமீட்டருடன் முதலிடத்திலும், 2019ஆம் ஆண்டின் பிளட்ஹவுண்ட் 1,010 கிலோமீட்டருடன் இரண்டாமிடத்திலும், 1970ஆம் ஆண்டின் ப்ளூ ஃபிளேம் 1,001 கிலோமீட்டருடன் மூன்றாமிடத்திலும் வைக்கப்பட்டிருந்தன. இந்த மூன்று எண்களும் ஒரே வகையான எண்கள் அல்ல. இவற்றுள் சாதனை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். அதுதான் பட்டியலின் கடைசியில் கிடக்கிறது.

நான் விருதுநகர் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ப்ளூ ஃபிளேம் காரைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வழக்கம். என்னிடம் படித்து இன்று தானும் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், தங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘சார், நீங்கள் எங்களுக்குச் சொன்னது ஒன்று, பேப்பரில் போட்டிருப்பது வேறொன்று, பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லட்டும்?’ என்று தொலைபேசியில் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையைத் தங்கள் வாசகர்களும் அறிய வேண்டும் என்பதால் இக்கடிதம் சற்று நீளமாகிவிட்டது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

தரைவழி வேகச் சாதனையை அங்கீகரிக்கும் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதி மிக எளிமையானது. ஓடிவரும் வேகத்திலேயே வாகனம் அளவுக்கோட்டுக்குள் நுழைந்து ஒரு மைல் அல்லது ஒரு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அதே தொலைவை எதிர்த்திசையில் மீண்டும் கடக்க வேண்டும். இரண்டின் சராசரியே அந்த வாகனத்தின் வேகம். பழைய சாதனையை ஒரு விழுக்காடாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதும், வாகனத்துக்கு நான்கு சக்கரங்களாவது இருக்க வேண்டும் என்பதும் கூடுதல் நிபந்தனைகள். இடையில் ஏதோ ஒரு கணத்தில் கருவி காட்டிய உச்ச வேகத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஏன் இரு திசைகள் என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். காற்று பின்னாலிருந்து வீசினால் வாகனம் எதிர்கொள்ளும் காற்றுத்தடை குறைகிறது. தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் மெல்லிய காற்றும் கணக்கை மாற்றிவிடும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் உப்புவெளியிலும் சிறு சரிவு இருக்கலாம். போகும்போது உதவிய காற்றும் சரிவும் வரும்போது எதிர்த்து நிற்கும் என்பதால்தான் இரு திசை; காற்றின் நிலை மாறிவிடுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால்தான் ஒரு மணி நேரம். என் கருத்தில் இந்த விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த வேகத்துக்குப் போன வாகனம் சிதையாமல் நின்றது, ஓட்டுநர் அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், அதே செயலை மீண்டும் செய்ய முடிந்தது என்ற மூன்றையும் அது ஒருசேர மெய்ப்பிக்கிறது. ஆய்வகத்தில் ஒரே ஒரு முறை எடுத்த அளவீட்டை நாம் மாணவனின் பதிவேட்டில் ஏற்றுக்கொள்வதில்லை அல்லவா?

இனி 1970 அக்டோபர் 23ஆம் நாளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புச் சமவெளியில், செப்டம்பரில் தொடங்கிய சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு, கேரி கேபெலிச் என்ற ஓட்டுநர் ப்ளூ ஃபிளேமில் அமர்ந்தார். அப்போலோ விண்கலத்துக்கான சோதனைகளில் பங்கேற்ற அனுபவம் அவருக்கு உண்டு. அதுவரை நின்றிருந்த சாதனை, 1965 நவம்பரில் கிரெய்க் பிரீட்லவ் ஜெட் எஞ்சின் பொருத்திய வாகனத்தில் எட்டிய மணிக்கு 600.601 மைல். கேபெலிச்சின் முதல் ஓட்டம் 617.602 மைல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 994 கிலோமீட்டர். ஆயிரத்துக்கு ஆறு குறைவு. திரும்பி வந்த ஓட்டம் 627.287 மைல், ஏறத்தாழ 1,009.5 கிலோமீட்டர். சராசரி 622.407 மைல், அதாவது 1,001.667 கிலோமீட்டர். தரையில் உருளும் வாகனம் ஒன்று அதிகாரபூர்வமாக மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது அன்றுதான் முதன்முறை. தாண்ட வைத்தது அந்தத் திரும்பும் ஓட்டம். முதல் ஓட்டத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் ஆயிரம் என்ற எண் அன்று கிடைத்திராது.

இந்த எண்களில் மாணவர்களுக்கு நல்ல கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 617.602, 627.287 ஆகிய இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 622.44 வரும். பதிவேட்டில் இருப்பதோ 622.407. பிழையல்ல. சராசரி எடுக்கப்படுவது ஆன நேரத்துக்கு. முதல் மைலுக்கு 5.829 வினாடி, இரண்டாம் மைலுக்கு 5.739 வினாடி, இரு மைலுக்கும் சேர்த்து 11.568 வினாடி. 7,200ஐ 11.568ஆல் வகுத்துப் பாருங்கள், 622.407 துல்லியமாக வந்து நிற்கும். மெதுவான ஓட்டத்தில் வாகனம் கூடுதல் நேரம் செலவிடுவதால் அதற்குச் சற்றுக் கூடுதல் எடை கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தக் கணக்கைச் செய்து காட்டும்போது வகுப்பில் ஏற்படும் அமைதியை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டியிருந்தது என்பதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. ப்ளூ ஃபிளேமின் எரிபொருள் திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு. அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்க எரிவாயுத் துறைதான். ராக்கெட் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதில்லை, தன்னுடனேயே கொண்டு செல்கிறது. இந்தக் காரில் அதைக் கொடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் புண் கழுவ வாங்கும் அதே பொருள்தான் என்றாலும், அங்கே நூற்றுக்கு மூன்று பங்கோ ஆறு பங்கோ இருக்கும் பெராக்சைடு இங்கே எண்பது பங்குக்கும் மேல். அது வினையூக்கி வலைகளின் வழியே பாயும்போது நொடியில் சிதைந்து, சூடேறிய நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். அந்த ஆக்சிஜனில் எரிவாயு எரியும். தொட்டிகளிலிருந்து திரவங்களைத் தள்ளியது உயர் அழுத்த ஹீலியம். ஆகவே முதல் ஓட்டம் முடிந்து பாராசூட்டும் பிரேக்கும் காரை நிறுத்தியவுடன், தோலில் பட்டால் சுட்டுப் பொசுக்கும் பெராக்சைடையும், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டிய எரிவாயுவையும், ஹீலியத்தையும் மீண்டும் நிரப்ப வேண்டும். பாராசூட்டை மாற்ற வேண்டும். டயர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க வேண்டும். பதினோரு மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள காரை எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். இத்தனையும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓட்டுநருக்குக் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்குகூட அந்தப் பணியாளர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அக்காரை வடிவமைத்து உருவாக்கிய ரே டாஸ்மன், டிக் கெல்லர், பீட் ஃபார்ன்ஸ்வொர்த் ஆகிய மூவரின் பெயர்களும் தங்கள் பக்கத்தில் இல்லை.

திரவ எரிபொருளின் அருமை, அதற்கு முன் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் விளங்கும். 1928 மே 23 அன்று பெர்லினின் ஆவுஸ் ஓடுபாதையில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் ஓட்டிய காரின் பின்புறம் 24 வெடிமருந்து ராக்கெட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் பக்கத்துச் சிவகாசி வாணத்தின் பெரிய உறவினர்கள் என்றே அவற்றைச் சொல்லலாம். பற்றவைத்துவிட்டால் அணைக்கவோ குறைக்கவோ கூட்டவோ முடியாது, தீரும்வரை எரியும். அந்த கார் மணிக்கு ஏறத்தாழ 238 கிலோமீட்டரை எட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் ரே கீச் என்பவர் டேடோனா கடற்கரையில் பிஸ்டன் எஞ்சின்கள் பொருத்திய வாகனத்தில் 334 கிலோமீட்டரை எட்டியிருந்ததால், ஓப்பலின் ஓட்டம் வேகச் சாதனைக்கு அருகில்கூட வரவில்லை. அந்த முயற்சிக்கு மூளையாக இருந்த மாக்ஸ் வாலியர் வெடிமருந்தை விட்டுத் திரவ எரிபொருளுக்குத் திரும்பினார். 1930 மே மாதத்தில் பெர்லினில் சோதனை மேடையில் எஞ்சின் வெடித்து உயிரிழந்தார். கேபெலிச்சின் காலுக்கடியில் அடக்கமாகக் கூடிக் குறைந்த அந்தச் சுடருக்குப் பின்னால் இப்படியொரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ப்ளூ ஃபிளேமின் படத்தைப் பார்ப்பவர்கள் அதை மூன்று சக்கர வாகனம் என்றே நினைப்பார்கள். முன்புறத்தில் ஒரே சக்கரம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று ஒட்டி உடலுக்குள் பொதிந்திருக்கின்றன. நான்கு சக்கர விதிக்காகவே அப்படி அமைத்தார்கள். 1963இல் பிரீட்லவ் மூன்று சக்கர ஜெட் வாகனத்தில் 407 மைலைக் கடந்தபோது, மோட்டார் வாகனக் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை; மோட்டார் சைக்கிள்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்புதான் அதைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. அந்த வரலாற்றை அறிந்தவர்கள் விதிக்குள் நின்று வெல்ல விரும்பினார்கள்.

பட்வைசர் ராக்கெட்டைத் தாங்கள் முதலிடத்தில் வைத்ததுதான் என்னை இக்கடிதத்தை எழுதத் தூண்டிய பெரும்பிழை. 1979 டிசம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் உள்ள வறண்ட ஏரிப்படுகையில் ஸ்டான் பாரெட் என்ற சண்டைக்காட்சிக் கலைஞர் அதை ஓட்டினார். ராக்கெட் எஞ்சினோடு சைட்வைண்டர் ஏவுகணையின் மோட்டார் ஒன்றும் அதில் பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கு 739.666 மைல், அதாவது 1,190 கிலோமீட்டர் வேகத்தை எட்டி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாக அத்திட்டத்தினர் அறிவித்தார்கள். ஓட்டம் ஒரே திசையில் நடந்தது. திரும்பி வரவில்லை. வாகனத்துக்கு மூன்றே சக்கரங்கள். அறிவிக்கப்பட்ட எண், அளவுக்கோடுகளுக்கு இடையே ஒரு மைலைக் கடந்த நேரத்திலிருந்து வந்ததல்ல. ராடார் தரவுகளிலிருந்து கணித்துச் சொல்லப்பட்ட உச்ச வேகம். அந்தத் தரவுகளையே வல்லுநர்கள் பலர் இன்றளவும் கேள்விக்குள்ளாக்குகிறார்கள். எந்தச் சாதனை அமைப்பும் அதை ஏற்கவில்லை. பாரெட்டின் துணிவை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் யாராயினும் வணங்கத்தக்கவர். ஆனால் உச்ச வேகம் என்ற ஒரு கோரிக்கையை, இருமுறை அளந்து கையெழுத்திடப்பட்ட ஒரு சராசரிக்கு மேலே அச்சிடுவது, அளந்து காட்டியவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஒலியின் வேகம் குறித்தும் ஒரு சொல். தங்கள் கட்டுரை அதை மணிக்கு 1,235 கிலோமீட்டர் என்று மாறாத எண்ணாகத் தந்திருக்கிறது. அது காற்று 20 பாகை செல்சியஸில் இருக்கும்போது. உறைநிலையில் 1,193 கிலோமீட்டர்தான்; அதற்கும் கீழே குளிர்ந்தால் இன்னும் குறையும். அதனால்தான் 1,190 என்ற எண்ணைக் கொண்டு, குளிர்ந்த டிசம்பர்க் காலையில் ஒலியைத் தாண்டியதாக அவர்களால் கோர முடிந்தது. ஒரே பக்கத்தில் ஒலியின் வேகம் 1,235 என்றும், 1,190இல் ஓடிய கார் ஒலியைத் தாண்டியது என்றும் படிக்கும் பிள்ளை குழம்பிப்போகாதா?

பட்வைசர் ராக்கெட்டை வடிவமைத்த பில் ஃபிரெட்ரிக்கின் முந்தைய ராக்கெட் காரை ஓட்டிய ஒரு பெண்ணைத் தங்கள் பக்கம் முற்றிலும் மறந்துவிட்டது. கிட்டி ஓ’நீல் கைக்குழந்தையாக இருந்தபோதே நோயால் செவித்திறனை இழந்தவர். 1976 டிசம்பர் 6 அன்று ஓரிகன் மாநிலத்தின் ஆல்வோர்டு பாலைவனத்தில், ஹைட்ரஜன் பெராக்சைடால் இயங்கிய மூன்று சக்கர ராக்கெட் காரில் அவர் இரு திசைகளிலும் ஓடி எட்டிய சராசரி மணிக்கு 512.710 மைல், அதாவது 825 கிலோமீட்டர். பெண்களுக்கான அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. எஞ்சினின் உந்துவிசையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை மட்டுமே அவர் பயன்படுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. மேலும் வேகமாக ஓட அவர் ஆயத்தமாக இருந்தபோது, பெண்கள் சாதனைக்கு மட்டுமே ஒப்பந்தம், ஒட்டுமொத்தச் சாதனைக்கான ஓட்டம் ஹால் நீடம் என்ற ஆணுக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்லி அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டார்கள். நீடம் அந்தச் சாதனையைச் செய்யவும் இல்லை. பின்னாளில் பட்வைசர் ராக்கெட்டின் உரிமையாளரானார். ராக்கெட் கார்களைப் பற்றி எழுதும் எவரும் இந்த நிகழ்ச்சியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரது சாதனையைப் பின்னர் முறியடித்தவர் ஜெஸ்ஸி கோம்ப்ஸ். அதே பாலைவனத்தில் 2019 ஆகஸ்ட் 27 அன்று ஜெட் காரில் 522.783 மைல். அன்றே நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். சாதனை மறு ஆண்டு அங்கீகரிக்கப்பட்டது.

திரும்பும் ஓட்டத்தின் கடுமையை உணர்த்த இரண்டு நிகழ்ச்சிகள் போதும். இரண்டும் ஜெட் வாகனங்கள்; விதி ஒன்றுதான். 1964 அக்டோபர் 15 அன்று பான்வில்லில் பிரீட்லவ் 526 மைல் சராசரியை எட்டினார். ஆனால் திரும்பும் ஓட்டத்தின் முடிவில் பாராசூட்டுகள் அறுந்துபோயின, பிரேக்குகள் எரிந்து தீர்ந்தன, வாகனம் தந்திக் கம்பத்தை முறித்துக்கொண்டு போய் உப்புநீர்க் குளத்தில் மூக்கைக் கவிழ்த்து நின்றது. அவர் நீந்திக் கரையேறினார். அளவுக்கோட்டை முன்னரே கடந்துவிட்டதால் சாதனை செல்லும்.

இரண்டாவது நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1997 அக்டோபர் 13 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில், பிரிட்டனின் விமானப்படை விமானி ஆண்டி கிரீன் திரஸ்ட் எஸ்.எஸ்.சி. வாகனத்தில் இரு திசைகளிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். ஆனால் திரும்பும் ஓட்டம் ஒரு மணி நேர வரம்பை ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்துவிட்டது. ஒரு நிமிடம்! அறுபது நிமிடத்துக்குப் பதில் அறுபத்தொன்று என்பதால் அன்றைய சாதனை பதிவேட்டில் ஏறவில்லை. யாரும் விதியை வளைக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15 அன்று, மீண்டும் ஓடி வரம்புக்குள் திரும்பி, 763.035 மைல், அதாவது 1,227.985 கிலோமீட்டர் என்ற சராசரியை எழுதினார்கள். இன்றுவரை நிற்கும் சாதனை அது. உண்மையிலேயே ஒலியைத் தாண்டியவர்கள் ஒரு நிமிடத் தாமதத்துக்காக மீண்டும் உயிரைப் பணயம் வைத்து ஓடியிருக்கும்போது, திரும்பியே வராத ஓட்டத்தை நாம் எப்படி முதலிடத்தில் வைப்பது?

ஒரு விழுக்காட்டு விதியும் அப்படித்தான். 1983 அக்டோபர் 4 அன்று ரிச்சர்ட் நோபிள் திரஸ்ட் 2 என்ற ஜெட் வாகனத்தில் 633.468 மைல் என்ற சராசரியால் ப்ளூ ஃபிளேமின் மைல் சாதனையை முறியடித்தார். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கான சாதனையில் கேபெலிச் எட்டியிருந்தது மணிக்கு 630.388 மைல், நோபிள் அதையும் விஞ்சி 634 மைலைத் தொட்டார், ஆனால் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குக் குறைவு. எனவே அந்தக் கிலோமீட்டர் சாதனை கேபெலிச்சின் பெயரிலேயே 1997 வரை நீடித்தது. மைல் சாதனை கைமாறிய சில மாதங்களில், 1984 ஜனவரியில், மோட்டார் சைக்கிள் விபத்தில் கேபெலிச் மறைந்தார்.

பிளட்ஹவுண்டைப் பற்றியும் திருத்தம் தேவை. மணிக்கு ஆயிரம் மைல் என்ற இலக்கோடு 2008இல் அறிவிக்கப்பட்ட அந்த பிரிட்டிஷ் வாகனம், யூரோஃபைட்டர் போர்விமானத்தின் ஜெட் எஞ்சினையும் ஒரு ராக்கெட்டையும் சேர்த்துப் பயன்படுத்துமாறு வடிவமைக்கப்பட்டது. 2019 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் உள்ள ஹாக்ஸ்கீன் பான் என்ற வறண்ட ஏரியில் அது 628 மைல், அதாவது 1,010 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது, ஓடியது ஜெட் எஞ்சினால் மட்டுமே. ராக்கெட் பொருத்தப்படவே இல்லை. ராக்கெட் கார்களின் பட்டியலில் அந்த எண் எப்படி வந்தது? மேலும் அது அதிவேகச் சோதனை ஓட்டம். சாதனைக்கான முயற்சி என்று அவர்களே கோரவில்லை. 628 என்பது 622ஐ விடப் பெரிய எண் என்பதால் மேலே வைத்துவிட்டீர்கள் போலும். ஒன்று ஒரு கணத்து உச்சம், மற்றொன்று இரண்டு மைல்களின் சராசரி.

அந்த ஏரிப்படுகையைப் பற்றி எழுதியிருந்தால் வாசகர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அங்கு வாழும் மியர் சமூகத்தைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், 2 கோடியே 20 லட்சம் சதுர மீட்டர் நிலப்பரப்பில் 16,000 டன்னுக்கும் அதிகமான கற்களைக் கையால் பொறுக்கி அகற்றினார்கள். ஒரு கூழாங்கல் போதும், அந்த வேகத்தில் துப்பாக்கிக் குண்டாகிவிடும். ஆயிரம் மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழல வேண்டியிருப்பதால் ரப்பர் டயருக்கு அங்கு இடமில்லை; கெட்டியான அலுமினியக் கலவையால் ஆன சக்கரங்களை அதற்கெனச் செய்தார்கள். ஒருமுறை அச்சக்கரங்கள் உழுது சென்ற தடத்தில் மீண்டும் ஓட முடியாது. திரும்பி வரப் புதிய தடம் வேண்டும். ஆகவேதான் ஒன்றுக்கொன்று இணையாகப் பல தடங்களை 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். வெயிலில் குனிந்து கல் பொறுக்கிய கைகளும் அந்தத் திரும்பும் ஓட்டத்துக்காகவே உழைத்தன.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இணைப்புப் பக்கத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டும் பள்ளிகள் எங்கள் மாவட்டத்திலேயே பல உண்டு. நான் பணியில் இருந்த காலத்தில் நானும் ஒட்டியிருக்கிறேன். அந்த நம்பிக்கையின் பேரில் கேட்கிறேன். வரும் ஞாயிறு இணைப்பில், சிறிய எழுத்தில் ஒரு மூலையில் அல்லாமல், அதே அளவுக் கட்டத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். முழுமையான தரைவழி வேகச் சாதனையைத் தன்வசம் வைத்திருந்த ஒரே ராக்கெட் கார் ப்ளூ ஃபிளேம் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். பட்வைசர் ராக்கெட்டின் எண்ணுக்கு எதிரே ‘ஒரு திசை மட்டும், அங்கீகாரம் இல்லை’ என்றும், பிளட்ஹவுண்டின் எண்ணுக்கு எதிரே ‘ஜெட் மட்டும், சோதனை ஓட்டம்’ என்றும் குறிப்பிடுங்கள். கிட்டி ஓ’நீலின் பெயரைச் சேருங்கள். ஒவ்வொரு சாதனைக்கும் நேராகப் போன ஓட்டத்தின் வேகம், வந்த ஓட்டத்தின் வேகம், சராசரி என்று மூன்று பத்திகள் விடுங்கள். வந்த ஓட்டம் இல்லாத வாகனத்துக்கு அந்த இடம் வெற்றாகவே இருக்கட்டும். பிள்ளைகள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். இடம் போதவில்லையென்றால் இக்கடிதத்தின் பிற பகுதிகளைத் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்; 617.602, 627.287, 622.407 என்ற மூன்று எண்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.